போர்டை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? 30,000 ரூபாய்க்குள் கேமிங் கம்ப்யூட்டரை மேம்படுத்த நான்கு வழிகள்

காட்பாடி, சத்துவாச்சாரி, இராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் பற்றி யோசனை கேட்பவர்களின் கேள்வி அநேகமாக ஒன்றாகவே இருக்கிறது. 2017-க்கும் 2020-க்கும் இடையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், 8 ஜி.பி. ராம், ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. அல்லது 1650 கார்டு. புதிய கேம்கள் திக்கித் திணறுகின்றன. கையில் 25,000 முதல் 30,000 ரூபாய் வரை இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றலாமா, பிராசசரையும் சேர்த்து மாற்றலாமா, எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாக வாங்கலாமா, செகண்ட் ஹேண்டில் போகலாமா என்று நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பதில் கிடைக்கும்.

கார்டிலிருந்து யோசிக்கத் தொடங்குவது தவறு என்பது என் கருத்து. கேபினட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் மதர்போர்டு எது, அதன் சாக்கெட்டில் (பிராசசர் பொருத்தும் இடத்தில்) இன்னும் எவ்வளவு நல்ல பிராசசர் பொருந்தும் என்பதைப் பார்த்தாலே பாதி முடிவு எடுத்தாகிவிடும். 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து, செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ராம் விலை கடுமையாக ஏறியது. கையில் உள்ள டி.டி.ஆர்.4 (முந்தைய தலைமுறை) ராமைப் பயன்படுத்திக்கொள்ளும் வழிக்கும் அதை ஒதுக்கிவிடும் வழிக்கும் இடையே உள்ள செலவு வித்தியாசம் அதனால் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், இப்போது தடையாக இருப்பது எந்தப் பாகம் என்பது. கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரிலோ எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளிலோ கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். அது 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றுகொண்டு எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) குறைவாக இருந்தால் தடை கார்டுதான். கார்டு 60 விழுக்காட்டில் ஓய்வாக இருக்க, ஆட்டம் மட்டும் விட்டுவிட்டு நின்றால் பிராசசரையோ ராமையோ சந்தேகிக்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு: கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் எஃப்.பி.எஸ். ஏறவில்லையென்றால் எவ்வளவு விலையுயர்ந்த கார்டு வாங்கினாலும் ஏறாது. வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை பிராசசரை அதிகம் நம்புபவை. படம் கனமான திறந்தவெளிக் கேம்கள் கார்டை நம்புபவை. ஆகவே எதை விளையாடுகிறீர்கள் என்பதும் இந்த அளவுகோலுக்குள் அடங்கும்.

இந்தச் சோதனைக்கு முன்னரே செய்ய வேண்டிய எளிய வேலைகள் இரண்டு உண்டு. கடைகளில் அசெம்பிள் செய்த பல கம்ப்யூட்டர்களில் 8 ஜி.பி. ராம் ஒரே ஒரு குச்சியாகப் போடப்பட்டிருக்கும்; அதே வேகத்தில் இன்னொரு 8 ஜி.பி. சேர்த்து டூயல் சேனலாக்கினாலே பல கேம்களின் திணறல் குறையும். ராம் 3200 மெகாஹெர்ட்ஸ் என்று வாங்கியிருந்தாலும், பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருளில்) ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை யாரும் இயக்கியிருக்கவில்லையென்றால் அது 2133 அல்லது 2400-இல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது அளவுகோல், விலைச்சீட்டில் இல்லாமல் பின்னால் வரும் செலவு. மூன்றாவது, மின்சாரமும் சூடும். கார்டுகளைச் சோதித்து எழுதுபவர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வெப்பமுள்ள அறையில் சோதிக்கிறார்கள். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ, கார்டும் ஏறத்தாழ அத்தனை டிகிரி கூடும். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் 185 வாட் கார்டு ஓடுவதும் 115 வாட் கார்டு ஓடுவதும் ஒன்றல்ல. நான்காவது வாரண்டி: பாகம் பழுதானால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற கேள்வி. ஐந்தாவது, இன்று வாங்குவது அடுத்த மாற்றத்துக்கும் உதவுமா என்பது. பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர் இதற்குக் கடைசி இடம் கொடுத்தால் போதும்.

## வழி ஒன்று: கிராபிக்ஸ் கார்டு மட்டும்

ரைசன் 5 3600, இன்டெல் ஐ5-10400எஃப் அல்லது அவற்றுக்கு மேற்பட்ட பிராசசரும் 16 ஜி.பி. ராமும் இருப்பவர்களுக்கு இதுவே நேர்வழி. முழுத் தொகையும் கார்டுக்கே போகும். பலனும் வாங்கிய அன்றே தெரியும்.

1080பி மானிட்டருக்கு 8 ஜி.பி. மெமரி உள்ள கார்டைக் குறைந்தபட்சமாகக் கொள்ளலாம். 2021-இல் வந்த ஆர்.எக்ஸ். 6600 இன்னும் கிடைத்தால் இந்தத் தொகைக்குள் அடங்கும் நல்ல கார்டு அதுதான். 132 வாட் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 அதைவிட வேகமானது, 115 வாட்டில் ஓடுவது, ஆனால் பட்ஜெட்டின் மேல் எல்லையை முட்டுவது. ஆர்.எக்ஸ். 7600 வேகத்தில் அதற்கு அருகில் நின்றாலும் 165 வாட் கேட்கிறது.

தவிர்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. அது, கார்டும் போர்டும் தரவு பரிமாறும் பி.சி.ஐ.இ. 4.0 பாதையில் நான்கு லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்துகிறது. பழைய போர்டுகளில் இருப்பது பி.சி.ஐ.இ. 3.0, அங்கே அந்த நான்கு லேன்களின் வேகமும் பாதியாகிவிடும். 4 ஜி.பி. மெமரி நிரம்பியதும் அந்தக் குறுகிய பாதையே கழுத்தை நெரிக்கும். 6600, 4060 ஆகியவையும் பதினாறு லேன் கார்டுகள் அல்ல, எட்டு லேன் கார்டுகளே. பழைய போர்டில் அவற்றுக்கு ஏற்படும் இழப்பு பெரும்பாலும் சிறியது.

இன்டெல் ஆர்க் பி580 கார்டு 12 ஜி.பி. மெமரியால் ஈர்க்கிறது. ஆனால் அதற்கு, கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதியுள்ள போர்டு வேண்டும். பழைய பிராசசர்களோடு சேர்க்கும்போது அதன் வேகம் கணிசமாகக் குறைவதும் 2025-இன் தொடக்கத்திலேயே சோதனைகளில் வெளிப்பட்டது. பழைய கம்ப்யூட்டரை மேம்படுத்துகிறவருக்கு அது பொருந்தாது. புது கம்ப்யூட்டர் கட்டுகிறவர் பரிசீலிக்கலாம்.

இனி, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். இந்த வழியின் மறைவான செலவு முக்கியமாக இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 1050 டி.ஐ., 1650 ஆகியவை 75 வாட் கார்டுகள். பெரும்பாலான மாடல்கள் போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆகையால் கேபினட்டோடு சேர்ந்து வந்த மலிவான எஸ்.எம்.பி.எஸ். இத்தனை ஆண்டுகள் சமாளித்துவிட்டது. புதிய கார்டுகளுக்கு எட்டு முள் கனெக்டர் தனியாக வேண்டும். அட்டைமேல் ‘450’ என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பாமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 216 வாட்தான் வருகிறது. பிராசசரும் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். நல்ல நிறுவனத்தின் 500 அல்லது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஏறத்தாழ அறிவித்த வாட் முழுவதும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கும். ஹார்டு டிஸ்க் கனெக்டரை எட்டு முள்ளாக மாற்றும் ஒயர்கள் கடையில் சில்லறை விலைக்குக் கிடைக்கும், அவற்றை வாங்காதீர்கள். உருகிப்போகும் கனெக்டரால் புதுக் கார்டே வீணாகக்கூடும்.

எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்போது வீட்டு இன்வர்ட்டரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தரமான புது எஸ்.எம்.பி.எஸ்.கள் மின்சாரத்தைச் சீராக எடுத்துக்கொள்ளும் ஆக்டிவ் பி.எஃப்.சி. முறையில் இயங்குபவை. ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரிலும், மலிவான யு.பி.எஸ்.ஸிலும் அவற்றில் சில முனகும். சில, கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் கணத்தில் அணைந்துவிடும். பழைய கம்ப்யூட்டர் கரண்ட் போனாலும் ஓடியது, புது எஸ்.எம்.பி.எஸ். போட்டதும் நின்றுபோகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சைன் வேவ் யு.பி.எஸ். வாங்கினால் தீரும், ஆனால் அதுவும் பட்ஜெட்டிலிருந்துதான் போகும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும் வீடுகளில் எர்த்திங் சரியில்லை என்று பொருள். கார்டு வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைப்பது நல்லது.

மானிட்டரையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள். வி.ஜி.ஏ. மட்டும் உள்ள பழைய மானிட்டரைப் புதுக் கார்டுகளில் நேராகச் செருக முடியாது. அது 60 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்தால், கார்டு 140 எஃப்.பி.எஸ். கொடுத்தாலும் கண்ணுக்குத் தெரிவது 60-தான்.

## வழி இரண்டு: அதே போர்டில் பிராசசரும், மீதியில் கார்டும்

ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 2017-இல் ரைசன் 5 1600-க்காக வாங்கிய பி350 போர்டில்கூட, பயாஸை மேம்படுத்திக்கொண்டால், 2022-இல் வந்த ரைசன் 5 5600 பொருந்துவதுண்டு. போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பிராசசர் பட்டியலைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். போர்டும் ராமும் அப்படியே இருக்க, பிராசசர் மட்டும் இரண்டு தலைமுறைகள் தாண்டிவிடுகிறது. பெட்டியோடு கூலரும் வரும்.

பெயர்கள் இங்கே ஏமாற்றும். ரைசன் 5 5600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32 எம்.பி.; 5500, 5600ஜி இரண்டிலும் 16 எம்.பி. மட்டுமே, பி.சி.ஐ.இ. பாதையும் 3.0-தான். கேமிங்குக்கு அந்தக் கேஷ் முக்கியம். தனிக் கார்டு வைத்திருப்பவருக்கு 5600ஜி-இல் உள்ள உள்ளமை கிராபிக்ஸால் பயனில்லை. கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொன்னாலும் 5600-ஐயே கேளுங்கள். கார்டு இல்லாமல் சில மாதங்கள் ஓட்ட வேண்டியவருக்கு மட்டும் 5600ஜி பொருந்தும்.

இந்த வழியின் ஆபத்து பயாஸ் மேம்படுத்தும் சில நிமிடங்களில் இருக்கிறது. பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டு செயலிழந்துவிடலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் துணை மின்நிலையத்தில் மின்தடை அறிவித்திருக்கும் நாளைத் தவிர்த்து, யு.பி.எஸ்.ஸில் இணைத்துச் செய்யுங்கள். யு.பி.எஸ். இல்லையென்றால் கடையில் கொடுத்துச் செய்துகொள்வதே மேல்.

இன்டெல்காரர்களுக்கு நிலைமை இவ்வளவு தாராளமாக இல்லை. எச்110 போர்டு 6, 7-ஆம் தலைமுறையோடு நின்றுவிடும். எச்310, பி360 போர்டுகள் 8, 9-ஆம் தலைமுறையோடு நிற்கும். அந்தச் சாக்கெட்டுக்கான ஐ7 பிராசசர்கள் செகண்ட் ஹேண்டிலேயே விலை இறங்காமல் இருப்பதால், அவற்றில் பணத்தைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் ஐ3-12100எஃப் வைத்திருப்பவர் மட்டும் ஐ5-12400எஃப்-க்கு எளிதாக ஏறலாம். 13, 14-ஆம் தலைமுறை உயர்நிலை பிராசசர்கள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறு இருப்பது 2024-இல் வெளிவந்து, இன்டெல் அவற்றின் வாரண்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஆகவே அவற்றைப் பழையதாக வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை.

பிராசசருக்குப் பின் மிஞ்சும் தொகையில் புதுக் கார்டு இடம்பெறாமல் போகலாம். அப்போது பிராசசரை இப்போதும் கார்டைச் சில மாதம் கழித்தும் வாங்குவதே நல்லது. அவசரத்துக்கு 6500 எக்ஸ்.டி. போன்ற ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

## வழி மூன்று: போர்டு, பிராசசர், ராம் மூன்றும் புதிதாக

இதை நாடுவோர் பலரும் ஏ.எம்.5 சாக்கெட்டை நினைத்தே வருகிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த அந்தச் சாக்கெட்டை 2027 வரையிலாவது தொடர்வதாக ஏ.எம்.டி. அறிவித்திருப்பதால், ஐந்தாவது அளவுகோலில் இதற்கு இணையில்லை. ஆனால் ஏ.எம்.5 போர்டில் டி.டி.ஆர்.5 மட்டுமே பொருந்தும். இப்போதைய ராம் விலையில் போர்டும் பிராசசரும் ராமும் சேர்ந்து பட்ஜெட்டைத் தின்றுவிடும். பழைய 1050 டி.ஐ. அப்படியே தொடரும். கனமான கேம்களில் அந்தக் கார்டே தடையாக இருந்தவருக்கு, இவ்வளவு செலவழித்த பிறகும் எஃப்.பி.எஸ். ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும்.

இந்த வழி சரியாகும் இடம் வேறு. போர்டு எச்61, எச்81 போன்ற டி.டி.ஆர்.3 காலத்தது, அல்லது பிராசசர் 7-ஆம் தலைமுறை வரையிலான நான்கு கோர் வகை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறையையும் ரைசன் 2000 வரிசையையும் தொடக்கமாகக் கேட்கிறது. விண்டோஸ் 11-இல் வேலோரன்ட் விளையாடுவதற்கு டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். அந்தப் பழைய போர்டில் புதுக் கார்டைச் செருகுவது வீண்.

அவர்களுக்கும் ஏ.எம்.5-ஐவிட எல்.ஜி.ஏ. 1700-ஐயே முதலில் பார்க்கச் சொல்வேன். அந்தச் சாக்கெட்டில் டி.டி.ஆர்.4 போர்டுகளும் இருக்கின்றன. 7-ஆம் தலைமுறை கம்ப்யூட்டரில் டி.டி.ஆர்.4 ராம் இருந்தால், எச்610 போர்டும் ஐ5-12400எஃப்-உம் மட்டும் வாங்கி, அந்த ராமை அப்படியே மாற்றிக்கொள்ளலாம். எச்610 போர்டுகளில் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இரு வகையும் விற்பதால் மாடல் பெயரில் டி4 என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். 12400எஃப்-இல் உள்ளமை கிராபிக்ஸ் இல்லை. பழைய கார்டை விற்றுவிட்டால் திரையில் படம் வராது.

மறைவான செலவு விண்டோஸ் உரிமம். போர்டு மாறினால் பல கம்ப்யூட்டர்களில் அது செயலிழந்துவிடும். போர்டோடு கட்டப்பட்ட ஓ.இ.எம். உரிமம் புதுப் போர்டுக்கு வராது.

## வழி நான்கு: செகண்ட் ஹேண்ட் கார்டும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரும்

பணத்துக்கு அதிக எஃப்.பி.எஸ். கொடுப்பது இதுவே; ஏமாறும் வாய்ப்பும் இதில்தான் அதிகம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி, கார்டு வைத்து அதை ஈட்டும் மைனிங் தொழில் பெரும்பாலும் நின்றபோது, அதுவரை இரவுபகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங் செய்த கார்டு என்பதாலேயே அது கெட்டுப்போயிருக்கும் என்றில்லை. விசிறியும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும், சிலவற்றின் பயாஸ் மாற்றப்பட்டிருக்கும். ஆர்.எக்ஸ். 580 என்று விற்பவற்றில் 2048 ஷேடர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்) மட்டுமே உள்ள குறைந்த வகையும் கலந்திருக்கிறது. முழுமையான 580-இல் 2304 இருக்கும். ஜி.பி.யு.-இசட் மென்பொருளில் இந்த எண் தெரிந்துவிடும். அரை மணி நேரமாவது கனமான கேமை ஓட்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

என் தேர்வு 580 அல்ல. 185 வாட் எடுக்கும் அந்தக் கார்டுக்கும் 115 வாட் 4060-க்கும் உள்ள 70 வாட் வித்தியாசம், நாளுக்கு 4 மணி நேரம் விளையாடினால், இரண்டு மாத மின் கணக்கில் ஏறத்தாழ 17 யூனிட். பில்லில் அது பெரிய தொகை அல்ல. அந்த 70 வாட்டும் மே மாதத்து அறைக்குள் சூடாக இறங்கும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பழைய ஆர்.எக்ஸ். 6600, அல்லது 12 ஜி.பி. மெமரி உள்ள ஆர்.டி.எக்ஸ். 3060 கிடைத்தால் அவையே மேலானவை. 3060 170 வாட் கேட்கும், அதற்கேற்ற எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். படிப்பு முடித்து ஊர் திரும்பும் கல்லூரி மாணவர்கள் பில்லோடு விற்கும் கார்டு, யாரிடமிருந்து வந்தது என்றே தெரியாத கார்டைவிட நம்பத்தக்கது.

நிறுவனங்கள் கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கிக் கார்டு செருகும் யோசனை மலிவாகத் தெரியும். அவற்றில் பலவற்றின் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போர்டு கனெக்டரும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருப்பதால், பெரிய எஸ்.எம்.பி.எஸ். மாற்ற முடியாது. அங்கே பொருந்துவது 70 வாட்டில் தனிக் கனெக்டர் இல்லாமல் ஓடும் 6 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3050 போன்றவையே, அதே பெயரில் வரும் 8 ஜி.பி. கார்டைவிட அது மெதுவானது. வளைகுடா நாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் கார்டு ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் அபூர்வமல்ல. அந்நாட்டில் வாங்கியதற்கு இந்திய சர்வீஸ் சென்டர் வாரண்டி தருமா என்பதை வாங்கச் சொல்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

| அளவுகோல் | கார்டு மட்டும் | அதே போர்டில் பிராசசர் + கார்டு | மூன்றும் புதிது | செகண்ட் ஹேண்ட் |
|---|---|---|---|---|
| தடை நீங்குமா | பிராசசர் நன்றாக இருந்தால் முழுமையாக | பெரும்பாலும் நீங்கும் | பழைய கார்டு தடையாகத் தொடரும் | பாகத்தைப் பொறுத்தது |
| மறைவான செலவு | எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ்., மானிட்டர் | பயாஸ் வேலை | டி.டி.ஆர்.5 ராம், விண்டோஸ் | விசிறி, தெர்மல் பேடு, எஸ்.எம்.பி.எஸ். |
| சூடு | 115–165 வாட் கார்டில் சமாளிக்கலாம் | பிராசசர் 65 வாட். மிதமானது | மிதமானது | பழைய கார்டில் அதிகம் |
| வாரண்டி | பெரும்பாலும் 3 ஆண்டு | புதிதுக்கு உண்டு | உண்டு | பில் இருந்தால் மிச்சக் காலம் |
| அடுத்த மாற்றம் | கார்டைப் புது கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகலாம் | போர்டின் கடைசிப் படி | ஏ.எம்.5 என்றால் மிக நல்லது | குறைவு |
| யாருக்கு | ரைசன் 3600, ஐ5-10400எஃப், அதற்கு மேல் | ரைசன் 1000, 2000 வரிசைக்காரர் | டி.டி.ஆர்.3 அல்லது 7-ஆம் தலைமுறை வரை | சோதித்து வாங்கத் தெரிந்தவர் |

## எங்கே வாங்குவது

வேலூர்க் கடையில் விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். பழுதானால் பொருளை அவர்களே சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி வாங்கித் தருவார்களானால், அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம், எஸ்.எம்.பி.எஸ்., போர்டு இரண்டையும் நான் உள்ளூரில் வாங்கச் சொல்வது இதனால்தான். கார்டில் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போவது பலன் தரும். காட்பாடியிலிருந்து காலை ரயிலில் சென்ட்ரல் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமையில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். பெங்களூரு எஸ்.பி. ரோடும் எட்டும் தூரம்தான், ஆனால் பொருளை மாற்ற மீண்டும் மாநிலம் தாண்ட வேண்டியிருக்கும்.

ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. பில் இல்லாமல் குறைத்துத் தருவதாகச் சொல்லும் விலையில் நீங்கள் மிச்சப்படுத்துவதாக நினைப்பது அந்த வரியைத்தான். கூடவே வாரண்டியையும் இழக்கிறீர்கள். பில்லில் பொருளின் பெயர் மட்டும் போதாது, பெட்டிமேல் உள்ள சீரியல் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும்; அந்த எண்ணும் கார்டின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுத்து, பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.